மஞ்சள் விளக்கு மின்னினால் நில்லுங்கள்

ஜூன் மாதம் வந்தால் சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சாலைகளில் இரண்டு வகை வண்டிகள் அதிகமாகும். ஒன்று, மாங்காய் ஏற்றிய டிராக்டர். அது தோப்பிலிருந்து மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும். மற்றொன்று, மஞ்சள் நிறப் பள்ளி பஸ். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும்.

இதே சாலைகளில் திருமலைக்குப் போகும் கார்களும் வேன்களும் ஓடும். வேலூர் பக்கமிருந்து வருபவர்கள் சித்தூர், பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் போவார்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் நகரி, புத்தூர் வழியாகப் போவார்கள். தரிசனத்துக்கு நேரமாகிறது என்ற அவசரம் அவர்களுக்கு. எந்த ஊரில், எந்த மரத்தடியில் பிள்ளைகள் இறங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

மஞ்சள் பஸ் சாலை ஓரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் இறங்குகிறார்கள். அப்போது மற்ற வண்டிகள் என்ன செய்ய வேண்டும்? பிள்ளைகளை அழைத்துப் போக வந்த பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

பஸ் மறைக்கும் இடம்

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகின்றன. ஆகவே பள்ளி பஸ்ஸும் இடது ஓரத்தில் நிற்கும். அதன் கதவும் இடது பக்கம் இருக்கும். குழந்தை இடது பக்கம் இறங்கும்.

ஆனால் சில குழந்தைகளின் வீடு வலது பக்கம் இருக்கும். அந்தக் குழந்தை சாலையைக் கடக்க வேண்டும். பெரும்பாலும் அது பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி ஓடும்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அதை ஓட்டுபவர் வலது பக்கமாக ஒதுங்கி, பஸ்ஸைத் தாண்டிப் போகிறார். அவருக்குக் குழந்தை தெரியாது. குழந்தைக்கும் அவர் தெரிய மாட்டார். இருவருக்கும் நடுவே பஸ் சுவர் போல நிற்கிறது. குழந்தை பஸ்ஸின் மூலையைத் தாண்டி ஓர் அடி வைக்கும்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

குழந்தை பஸ்ஸின் பின்பக்கமாகக் கடந்தாலும் ஆபத்துதான். அப்போது எதிரே வரும் வண்டிக்குக் குழந்தை தெரியாது.

பஸ்ஸுக்கு மிக அருகே நிற்கும் சிறு குழந்தை அந்தப் பஸ் டிரைவருக்கே தெரியாமல் போகலாம். அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன் கண்ணாடிக்குக் கீழே, பம்பர் அருகே இருப்பது அவர் கண்ணில் படாது.

ஆகவே, குழந்தை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, ஏறி இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

ஒரு பேச்சு

ஓர் ஊரில் நடக்கும் பேச்சாக இதைப் படியுங்கள். டிராக்டர் ஓட்டும் ஓர் இளைஞர், நின்றிருந்த பள்ளி பஸ்ஸைத் தாண்டிப் போனார். பேத்தியை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டி அதைப் பார்த்தார். மாலையில் இருவரும் டீக்கடை அருகே சந்தித்தார்கள்.

பாட்டி: ஏம்பா தம்பி, காலையிலே பள்ளிக்கூட பஸ் நின்னுது. நீ நிக்காமலே போயிட்டியே?

இளைஞர்: பஸ் ஓரமாத்தானே நின்னுது, பெரியம்மா? ரோடு காலியா இருந்தது. அதான் போனேன்.

பாட்டி: ரோடு காலியா இருந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பாதி ரோட்டை பஸ் மறைச்சிருந்துதே.

இளைஞர்: ஆரன் அடிச்சுக்கிட்டுத்தான் போனேன்.

பாட்டி: ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆரன் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு தெரியுமா? பயந்தா பின்னாலே போகாது. முன்னாலே ஓடும். நீயும் அந்த வயசைத் தாண்டி வந்தவன்தானே?

இளைஞர்: லோடு இருந்தது பெரியம்மா. ஆலையிலே வரிசை பெருசா நிக்குது. ஒரு நிமிஷம் லேட்டானா பத்து வண்டி முன்னாலே போயிடும்.

பாட்டி: வரிசையிலே பத்து வண்டிக்குப் பின்னாலே நின்னா, ராத்திரி கொஞ்சம் நேரமாகும். அவ்வளவுதானே? மாங்காய் அங்கேயேதான் இருக்கும்.

இளைஞர் பதில் பேசவில்லை. தலையை ஆட்டினார்.

அந்த இளைஞர் கெட்டவர் அல்ல. சாலை காலி என்று நம்பினார். தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் காலி என்று நினைத்தார். தவறு அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் போகும். ஒரு மணி நேரம் என்பது 60 நிமிடம். ஆகவே ஒரு நிமிடத்தில் 1 கிலோமீட்டர். அதாவது 1,000 மீட்டர். ஒரு நிமிடத்துக்கு 60 நொடி. 1,000 மீட்டரை 60 ஆல் வகுத்தால், ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் வரும்.

ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் கால் படும் முன்பே வண்டி 17 மீட்டர் போய்விடும். அதன் பிறகு நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37 மீட்டர். இது நல்ல பிரேக் உள்ள காருக்கும், காய்ந்த ரோட்டுக்கும் போட்ட கணக்கு.

ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் சுமார் 10 மீட்டர். 37 மீட்டர் என்றால், ஏறக்குறைய நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்திய தூரம்.

வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால் என்ன ஆகும்? அதே வண்டி மொத்தம் 13 அல்லது 14 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானது. நிற்கும் தூரமோ பாதிக்கும் குறைவாகிவிட்டது.

மழை பெய்தால் தூரம் கூடும். டிரெய்லரில் பாரம் இருந்தாலும் கூடும். டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஏன் மஞ்சள் நிறம்?

பள்ளி பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு முடிவானது. அதற்கு முன் அங்கே பள்ளி வண்டிகள் பல நிறங்களில் ஓடின. ஃபிராங்க் சைர் என்ற கல்வியாளர் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூட்டினார். பள்ளி பஸ்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் பேசினார்கள். எல்லாப் பள்ளி பஸ்களுக்கும் ஒரே நிறம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மஞ்சள் சட்டென்று கண்ணில் படும். விடியற்காலை, மாலை மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். அதன் மேல் கறுப்பு எழுத்து நன்றாகப் படிக்க வரும்.

இந்த நிறத்தில் நமக்கும் ஒரு நன்மை உண்டு. நம் பக்கத்துப் பஸ்களில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். வெளி மாநில லாரி டிரைவருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்கலாம். மஞ்சள் நிறம் எல்லோருக்கும் தெரியும். மின்னும் விளக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பள்ளி பஸ் நிற்கப் போகும்போது மஞ்சள் விளக்கு மின்னும். வேகத்தைக் குறை என்பது அதன் பொருள். பஸ் நின்றதும் சிவப்பு விளக்கு மின்னும். பஸ்ஸின் பக்கத்திலிருந்து ஒரு பலகை கை போல நீளும். அதில் 'நில்' என்று எழுதியிருக்கும். உடனே பின்னால் வரும் வண்டிகள் நிற்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு அணையும் வரை யாரும் நகரக் கூடாது. சாலை நடுவே தடுப்பு இருந்தால் மட்டும், பெரும்பாலான மாநிலங்களில் எதிர்ப்பக்க வண்டிகள் நிற்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் வேறு விதம். நிறுத்தத்தில் நிற்கும் பஸ் எச்சரிக்கை விளக்கைப் போட்டிருந்தால், மற்ற வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் அதைக் கடக்கலாம். எதிரே வரும் வண்டிக்கும் இதே விதிதான். தேவைப்பட்டால் நிற்கவும் வேண்டும்.

இரண்டு நாடுகளும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன. குழந்தை தவறு செய்யும். அது குழந்தையின் இயல்பு. பெரியவர்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் நடந்தவை

1997 நவம்பர் 18 அன்று டெல்லியில் ஒரு பள்ளி பஸ் யமுனை ஆற்றில் விழுந்தது. 28 மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே, டிசம்பர் 16 அன்று, உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி பஸ் ஓட்டுபவருக்கு ஐந்து ஆண்டு அனுபவமாவது வேண்டும் என்றது. டிரைவரைத் தவிரத் தகுதியான இன்னொருவரும் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்றது.

2012 ஜூலையில், சென்னை தாம்பரம் அருகே, பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து இறந்தாள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

2022 மார்ச்சில், சென்னை ஆழ்வார்திருநகரில், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வேனிலிருந்து இறங்கினான். வேனில் விட்டுவிட்ட பொருளை எடுக்கத் திரும்பி வந்தான். அதை அறியாமல் டிரைவர் வேனை நகர்த்தினார். சிறுவன் இறந்தான். அதே ஆண்டில், பள்ளி வண்டிகளின் முன்னும் பின்னும் கேமரா வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதி செய்தது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

ஆந்திரத்தில் உள்ள விதிகள்

ஆந்திரப் பிரதேசத்தில் பள்ளி பஸ்ஸுக்கு உள்ள விதிகளில் சில:

1. பஸ்ஸின் மேல் நான்கு மூலைகளிலும் மஞ்சள் விளக்கு வேண்டும். பஸ் நின்று பிள்ளைகள் ஏறி இறங்கும்போது அந்த விளக்குகள் மின்ன வேண்டும்.

2. டிரைவரின் வயது 60க்கு மேல் போகக் கூடாது.

3. டிரைவரைத் தவிர ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். ஆயா, கிளீனர் என்று நாம் அழைப்பது இவரைத்தான்.

4. முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் கருவி, அவசர வழி ஆகியவை வேண்டும்.

5. ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று பள்ளி பஸ்ஸின் எஃப்.சி. முடிந்துவிடும். எஃப்.சி. என்றால் தகுதிச் சான்று. பள்ளி திறக்கும் முன் போக்குவரத்து அதிகாரி பஸ்ஸைப் பார்த்துப் புதிய சான்று தர வேண்டும். சான்று இல்லாத பஸ் ஓடக் கூடாது.

மற்ற வண்டிகளை ஓட்டுபவர்களுக்கும் சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியவர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டச் சொல்கின்றன. ஆபத்தாக வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். கவனக் குறைவால் ஓர் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறை.

வண்டி ஓட்டுபவர் செய்ய வேண்டியது

மஞ்சள் பஸ்ஸைத் தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள்.

பஸ் நின்று விளக்கு மின்னினால், பின்னால் வரும் நீங்கள் நில்லுங்கள். தாண்ட வேண்டாம். எதிரே வந்தாலும் நில்லுங்கள்.

விளக்கு கெட்டுப்போயிருக்கலாம். விளக்கு மின்னவில்லை என்பதால் போய்விடாதீர்கள். கதவு திறந்திருக்கிறதா, பிள்ளைகள் தெரிகிறார்களா என்று பாருங்கள். தெரிந்தால் நில்லுங்கள்.

ஆரன் அடித்துப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்.

ஒரு குழந்தை கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். அதன் பின்னால் தம்பியோ தங்கையோ ஓடி வரலாம்.

பிள்ளைகளை ஏற்றி வரும் ஆட்டோவும் பள்ளி வண்டி போலத்தான். அதற்கும் நில்லுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

இது மிக முக்கியம். பஸ் எந்தப் பக்கம் நிற்குமோ, அந்தப் பக்கமே போய்க் காத்திருங்கள். எதிர்ப்பக்கம் நின்று குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கை காட்டாதீர்கள். அம்மாவைப் பார்த்த குழந்தை ரோட்டைப் பார்க்காது. நேராக அம்மாவிடம் ஓடி வரும்.

குழந்தை இறங்கியதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலிருந்து பத்து அடி தள்ளி நில்லுங்கள். பஸ் புறப்பட்டுப் போகட்டும். பஸ் போன பிறகு சாலை இரண்டு பக்கமும் தெரியும். வலது பக்கம் பாருங்கள். இடது பக்கம் பாருங்கள். மீண்டும் வலது பக்கம் பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்.

பெற்றோர் வேலைக்குப் போயிருந்தால், அக்கம்பக்கத்தில் ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள். ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி போதும்.

பொருள் எதையாவது பஸ்ஸில் விட்டுவிட்டால் திரும்பி ஓடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். பந்தோ பென்சிலோ பஸ்ஸுக்கு அடியில் உருண்டால் குனிந்து எடுக்கக் கூடாது. பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் ஆயா இல்லையா? விளக்கு மின்னவில்லையா? வளைவில் பஸ்ஸை நிறுத்துகிறார்களா? பள்ளியில் கேளுங்கள். எஃப்.சி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பள்ளியில் கேட்கவில்லை என்றால், நாலு பெற்றோர் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. ஆகவே உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்தில் மனுவைக் கொடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும். வண்டி ஓட்டியவர் ஓடிப்போகக் கூடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது அவர் கடமை. இது சட்டம்.

வழியில் போகிறவர் உதவி செய்தால் போலீஸ் தொந்தரவு வரும் என்று பயப்பட வேண்டாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவி செய்பவரை அது காப்பாற்றுகிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

விடை எழுதுங்கள்

1. பள்ளி பஸ்ஸின் மஞ்சள் விளக்கு எப்போது மின்ன வேண்டும்?
2. நின்றிருக்கும் பஸ்ஸைத் தாண்டிப் போவது ஏன் ஆபத்து?
3. பெற்றோர் எந்தப் பக்கம் நின்று காத்திருக்க வேண்டும்? ஏன்?
4. ஒரு வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் போகும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் பள்ளி பஸ் எங்கே நிற்கிறது? அங்கே வளைவு இருக்கிறதா? புளியமரமோ கடையோ சாலையை மறைக்கிறதா? எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்? வேறு நல்ல இடம் இருக்கிறதா?

செய்து பாருங்கள்

ஒரு நாள் மாலை பஸ் வரும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை வண்டிகள் நின்றன, எத்தனை வண்டிகள் நிற்காமல் போயின என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் எண்ணுங்கள்.